தெருமுனையைத் தாண்டிய மேளம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு பௌர்ணமி நாள். காலை பத்தரை மணி இருக்கும். திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு தெருவின் முனையில், பெரிய டிரம்மைத் தோளில் மாட்டிக்கொண்டு நான் நின்றேன். எனக்குப் பின்னால் பாடை. பாடைக்குப் பின்னால் தெரு ஜனம் மொத்தமும். "பொம்பளைங்கல்லாம் அத்தோட நின்னுக்கோங்க" என்று ஒருவர் கையை நீட்டித் தடுத்தார். நானும் நின்றுவிட்டேன். அதற்கப்புறம் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன். ஆனால் நான் யார், அங்கே டிரம்மோடு எனக்கு என்ன வேலை என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் ஒரு மெல்லிசைக் குழுவில் பாடுகிறேன். பாடிக்கொண்டே ரிதம் பேடும் வாசிக்கிறேன். ரிதம் பேட் என்பது கரண்டில் ஓடுகிற மேளம். சதுரப் பலகை மாதிரி இருக்கும், எட்டுக் கட்டம் இருக்கும், ஒவ்வொரு கட்டத்திலும் குச்சியால் தட்டினால் ஒவ்வொரு மேளத்தின் சத்தம் வரும். டோலக், டிரம்ஸ் எல்லாமும் கை வரும். பதினெட்டு வருடமாக இதுதான் என் பிழைப்பு. கல்யாணம், காதுகுத்து, அம்மன் கோயில் திருவிழா, காலேஜ் விழா என்று எங்கள் மாவட்டத்தில் நான் மேடை ஏறாத ஊர் ரொம்பக் கம்மி.

பெண் பாடினால் யாருக்கும் ஒன்றுமில்லை. மேளம் அடித்தால்தான் ஊருக்கு ஆயிரம் கேள்வி. "கை வலிக்கலியாம்மா?" "ஊட்டுக்காரரு ஒண்ணும் சொல்றதில்லியா?" ஒரு காலேஜ் விழாவில் முன் வரிசையில் உட்கார்ந்திருந்த பெரிய மனிதர் ஒருவர், இது ஏற்கெனவே பதிவு செய்த சத்தம், இந்தப் பெண் சும்மா கையை ஆட்டுகிறாள் என்று பந்தயம் கட்டிவிட்டு மேடைக்கே ஏறி வந்து பேடுக்கு அடியில் குனிந்து பார்த்தார். நான் பாட்டை நிறுத்தவில்லை. குச்சியால் அவர் முழங்கையில் ஒன்று வைத்தேன். அந்த அடியும் தாளத்தில்தான் விழுந்தது என்று எங்கள் கீபோர்டுக்காரர் இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

எனக்கு வாய் ஜாஸ்தி, கோபம் அதைவிட ஜாஸ்தி. ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நான் வாயையே திறந்ததில்லை. அது என் அப்பாவைப் பற்றியது.

கீழ்பென்னாத்தூர் பக்கம் எங்கள் ஊர். அப்பா பேண்ட் செட்டில் பெரிய டிரம் அடிப்பவர். கல்யாணத்துக்குப் போகிற பேண்ட் செட் இல்லை, சாவுக்குப் போகிற செட். யாராவது செத்தால் அவரைத் தேடி பைக்கில் ஆள் வரும். மற்ற நாளில் எதிரே பார்த்தால்கூட அதே ஆள் தலையைத் திருப்பிக்கொண்டு போவார். அப்பா என்னை டிரம்மைத் தொடவே விட்டதில்லை. "இது உனக்கு வாணாம்" என்பார், அதோடு சரி. ஆனால் எங்கள் பெண்கள் பள்ளிக்கூடத்தில் அணிவகுப்புக்கு ஒரு பேண்ட் இருந்தது. எட்டாவது படிக்கும்போது அதில் சேர்ந்துவிட்டேன். குடியரசு தினத்துக்கு வேங்கிக்கால் மைதானத்தில் வெள்ளை ஷூ போட்டு டிரம் அடித்துக்கொண்டு போனேன். வேலிக்கு அந்தப் பக்கம் அப்பா நின்றிருந்தார். வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசவில்லை. சாயந்திரம் எனக்குப் பிடித்த மசால் வடை மட்டும் வாங்கி வந்தார்.

மெல்லிசைக் குழுவில் சேர்ந்த அன்றைக்கு, "அப்பா இன்னா பண்றாரு?" என்று கேட்டார்கள். "விவசாயம்" என்றேன். காணி நிலம் இல்லாத வீட்டில் விவசாயம்! அந்தப் பொய் அன்றைக்கு ஆரம்பித்ததுதான்.

எனக்கு இருபத்திரண்டு வயது ஆனபோது அப்பா போய்விட்டார். அவருடைய செட்காரர்கள்தான் முன்னால் அடித்துக்கொண்டு போனார்கள். எங்கள் பக்கத்தில் பெண்கள் சுடுகாடு வரை போகக் கூடாது. தெருமுனை வரைக்கும்தான். அங்கே ஒரு பாட்டம் அழுதுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்து தலை முழுக வேண்டும். நான் அப்படித்தான் செய்தேன். மேளச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கம்மியாகிக்கொண்டே போனது மட்டும் காதில் கேட்டது. அதுதானே முறை என்று அன்றைக்கு நான் யாரிடமும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

இனி டெய்லர் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தப் பௌர்ணமி அன்று பாடையில் கிடந்தவர் அவர்தான்.

குழுவில் சேர்ந்த புதிதில் என்னைத் தாவணி கட்டச் சொன்னார்கள். தாவணி கட்டிக்கொண்டு டிரம்ஸ் முன்னால் காலை அகட்டி உட்கார முடியுமா? ஆசிரமத்துப் பக்கம் வெளிநாட்டுக்காரர்களுக்குத் தொளதொள பேண்ட் தைத்துக் கொடுக்கிற அக்கா ஒருவர் இருக்கிறார் என்று யாரோ சொல்லவும், போய்ப் பார்த்தேன். சின்னக் கடை, காலால் மிதிக்கிற ஒரு மிஷின். புருஷன் செத்துப் பல வருடம் ஆகிவிட்டது, ஒரே மகள். நான் விஷயத்தைச் சொன்னதும் அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "வெள்ளக்காரிக்குத் தெச்ச பேண்ட்டு ஒண்ணு வாங்காம கெடக்குது. அதுல ஜரிகை வெச்சித் தரேன். போட்டுனு ஒக்காரு. எவன் இன்னா கேக்குறான்னு பாக்கலாம்."

அன்றைக்கு ஆரம்பித்து, மேடையில் நான் போட்ட அத்தனை உடுப்பும் அவர் கை பட்டதுதான். டோலக்கைக் கழுத்தில் மாட்டினால் வார் அறுக்கிறது என்றேன். பழைய பருத்திப் புடவையை நாலாக மடித்து உள்ளே வைத்துத் தைத்து, மெத்தென்று ஒரு பட்டை செய்து கொடுத்தார். கச்சேரி இல்லாத நாளில் அவர் கடையில் போய் உட்கார்ந்துகொள்வேன். அவர் மகள் என் கண் முன்னால்தான் வளர்ந்தாள், படித்தாள், வேங்கிக்காலில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள்.

அப்புறம் என் பாட்டு வந்தது. நாங்களே எழுதி, நாங்களே மெட்டுப் போட்டு யூடியூபில் விட்ட பாட்டு. கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிற ஒரு பெண்ணை எல்லோரும் எழுந்திரு எழுந்திரு என்கிறார்கள். அவள் "நவுர மாட்டேன் போ" என்கிறாள். அவ்வளவுதான் பாட்டு. அது ஓடியது பாருங்கள், நாங்களே எதிர்பார்க்கவில்லை! காலேஜ் பெண்கள் என்னைப் பார்த்தாலே "நவுர மாட்டேன்" என்று கத்துவார்கள். அந்தப் பாட்டின் தாளத்தை நான் எங்கே பிடித்தேன் தெரியுமா? அக்காவின் மிஷினில். அவர் மிதிக்கிறபோது டகட டகட டக் என்று ஓடி, துணியைத் திருப்புகிற இடத்தில் ஒரு நொடி நின்று மறுபடி ஓடும். அதை அப்படியே பேடில் வாசித்தேன்.

ஒரு டிவி பேட்டியில் இந்தத் தாளம் எப்படி வந்தது என்று கேட்டார்கள். சென்னையில் ஸ்டூடியோவில் பல நாள் உழைத்துக் கண்டுபிடித்தேன் என்றேன். யாரிடம் கற்றீர்கள் என்றார்கள். சென்னையில் ஒரு குருவிடம் என்றேன். அக்கா பேட்டியைப் பார்த்திருக்கிறார். மறுநாள் கடைக்குப் போனபோது, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "ஏமே, அப்ப எம் மிஷினு மெட்ராஸ்லயா இருக்குது?" என்றார். கோபமே இல்லை, சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குத்தான் மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பேச்சை மாற்றினேன். அப்போது அவர் சொன்னது இது: "நான் செத்தா உம் மேளத்தோடதான் போவேன். பாட்டுல மட்டும் நவுர மாட்டேன்னா ஆச்சா?" இரண்டு பேரும் சிரித்தோம்.

ஒரு வியாழக்கிழமை அக்காவுக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரியில் பாதி ராத்திரி இருந்தார், அவ்வளவுதான். மறுநாள், அந்தப் பௌர்ணமி அன்று, விடிந்ததும் மகள் போன் செய்தாள். அழவில்லை. "அக்கா, அம்மா உங்க மேளத்தக் கேட்டாங்க. வருவீங்கல்ல?" என்றாள்.

"வரேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன கையோடு எங்கள் நிகழ்ச்சிகளைப் பேசி முடிக்கிற மேனேஜருக்கும் சொன்னேன். மனிதர் பதறிவிட்டார். "மாலை போட்டுட்டு வந்துடு. குச்சிய மட்டும் எடுக்காத. சாவு வீட்ல அடிச்ச கைய எவன் கல்யாணத்துக்குக் கூப்பிடுவான்? ஒன்னோட சேத்து நாங்க ஆறு பேரும் வீட்ல ஒக்கார வேண்டியதுதான்" என்றார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. எங்கள் தொழில் அப்படித்தான்.

ரிதம் பேடைத் தெருவில் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. பெரிய டிரம்தான் வேண்டும். அதற்கு நான் போன் செய்ய வேண்டியிருந்தது அப்பாவின் கூட்டாளிக்கு. சித்தப்பா என்று கூப்பிட்டு வளர்ந்தவள், என் பாட்டு பிரபலமானதிலிருந்து அவரை ரோட்டில் பார்த்தால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு போவேன். அப்பாவைப் பார்த்துத் தலையைத் திருப்பியவர்களைத் திட்டித் தீர்த்த நானேதான்! அவர் எதையும் சொல்லிக் காட்டவில்லை. "டிரம்மு கீது. தோளு கீதான்னு பாத்துக்கோ" என்றார். ஒன்பது மணிக்கெல்லாம் செட்டோடு வந்துவிட்டார்.

பௌர்ணமி என்பதால் மதியத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்று ஒரே அவசரம். சாயந்திரம் கிரிவலக் கூட்டம் வந்தால் ரோட்டில் எறும்பு போகவும் வழி இருக்காது. போலீஸ் காலையிலேயே தடுப்புக் கம்பிகளை இறக்கிக்கொண்டிருந்தது. அக்கா செய்து கொடுத்த பட்டையை டிரம்மில் மாட்டி, தோளில் போட்டுக்கொண்டேன். சாவு அடியை நான் அதுவரை அடித்ததே இல்லை. யாரும் சொல்லித் தந்ததும் இல்லை. ஆனால் முதல் அடி விழுந்ததும் கை தானாக ஓடியது. சின்ன வயதில் வீட்டில் அப்பா சோற்றுத் தட்டில் தட்டியது, கட்டில் சட்டத்தில் தட்டியது எல்லாம் எனக்குள்ளேயே இருந்திருக்கிறது. சித்தப்பா சைடு டிரம் என்கிற சின்ன டிரம்மை அடித்துக்கொண்டே ஒரு தரம் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அக்காவுக்கு மகன் இல்லை. அவர் புருஷனின் அண்ணன், அந்தப் பெண்ணுக்குப் பெரியப்பா, வெளியூரிலிருந்து வந்து எல்லாவற்றையும் தன் கையில் எடுத்துக்கொண்டார். கொள்ளிச் சட்டி அவருடைய மகன் கையில். பெங்களூரிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் வந்து இறங்கிய ஆள். மகள் பாடையின் மூங்கிலை ஒரு கையால் பிடித்தபடி கூடவே நடந்து வந்தாள். வாசலிலிருந்து தெருமுனை வரை அந்தக் கையை அவள் எடுக்கவில்லை.

தெருமுனையில்தான் பெரியப்பா கையை நீட்டினார். பெண்கள் நின்றார்கள். என்னைப் பார்த்து, "நீயும்தாம்மா. ஆம்பளைங்க அடிச்சினு வருவாங்க, நீ கழட்டிக் குடுத்துடு" என்றார்.

நான் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? காலேஜ் மேடையில் பெரிய மனிதரை அடித்தவள், ஊர் முழுக்க "நவுர மாட்டேன்" என்று பாடித் திரிகிறவள். ஒரு வார்த்தை பேசாமல் பட்டையைக் கழற்றினேன். சித்தப்பா தன் சைடு டிரம்மைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு, பெரிய டிரம்மை என் கையிலிருந்து வாங்கி மாட்டிக்கொண்டார். ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அது நான்தான். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

அப்போது பெண்கள் இரண்டு பேர் மூங்கிலிலிருந்து மகளின் விரல்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் விடவில்லை. ஒருத்தி, "உடும்மா, அம்மா போகட்டும், முறைக்கு மாறா நடக்கக் கூடாது" என்றாள். கடைசி விரலையும் எடுத்துவிட்டார்கள். அவள் நிமிர்ந்து சுற்றிப் பார்த்தாள். பார்வை என்னிடம் வந்து நின்றது. தோளில் டிரம் இல்லாததைப் பார்த்தாள்.

"அக்கா, நீங்களுமா நின்னுட்டீங்க?"

அது என் நெஞ்சில் நேராக வந்து விழுந்தது. இருபத்திரண்டு வயதில் எங்கள் ஊர்த் தெருமுனையில் நின்றேனே, அன்றைக்கு என்னை இப்படிக் கேட்க ஒரு ஆள் இல்லாமல் போனதே என்று அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. என் மேல்தான் ஆத்திரம். இந்தப் பெண்ணும் நாளைக்கு என்னை மாதிரியே, மேளச் சத்தம் கம்மியாகிக்கொண்டே போனதை மட்டும் காதில் வைத்துக்கொண்டு வாழ வேண்டுமா?

"சித்தப்பா, டிரம்மக் குடு" என்றேன்.

அவர் உடனே கொடுக்கவில்லை. "தூக்கறதுன்னா முழுசாத் தூக்கு. மறுபடி பாதி வழில கழட்டாத" என்றார்.

"கழட்ட மாட்டேன்" என்று வாங்கி மாட்டிக்கொண்டேன். அவர் தன் சைடு டிரம்மைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

பெரியப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏம்மா, இது இன்னா உன் கச்சேரி மேடையா? முறைன்னு ஒண்ணு இல்ல? சுடுகாட்டுக்குப் பொம்பள வர்றதாவது!"

"இன்னைக்குப் பௌர்ணமி" என்றேன். "சாயங்காலம் உங்க வூட்டுப் பொம்பளைங்க மலை சுத்துவாங்களா மாட்டாங்களா?"

"அதுக்கு இன்னா இப்ப?"

"எந்த வழியாப் போவாங்க? எம லிங்கத்தாண்ட எந்த ரோட்டுல நடப்பாங்க? இதே சுடுகாட்டு கேட்ட ஒரசினுதானே? மாசா மாசம் ஊரு ஒலகத்துப் பொம்பளைங்கல்லாம் வெறுங்கால்ல அந்த கேட்டத் தாண்டி நடக்குறாங்க. அப்பல்லாம் வராத தோஷம், பெத்த அம்மாவோட போனா மட்டும் வந்துடுமா?"

அப்போது பாருங்கள், அவருடைய சம்சாரமே பெண்கள் நடுவிலிருந்து, "நான் மாசந் தவறாமப் போறவதான். அதுவும் ராத்திரில போறேன்" என்று தனக்குத்தானே பேசுகிற மாதிரி, ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். துக்க வீடு என்பதையும் மறந்து இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். பெரியப்பா மனைவியை முறைத்தார்.

"அது சாமி விஷயம், இது சாவு. ரெண்டும் ஒண்ணா?" என்றார்.

பதில் சொன்னது நான் இல்லை, மகள். "பெரியப்பா, ஆஸ்பத்திரில எங்கம்மாவ நான்தான் பாத்துக்கினேன். வாயில கடைசியாத் தண்ணி ஊத்துனதும் நான்தான். மூஞ்சியத் தொடச்சது நான்தான். அப்பல்லாம் நீங்க யாரும் வந்து முறை சொல்லலியே" என்றாள். சத்தமே போடவில்லை. மறுபடி போய் அதே மூங்கிலைப் பிடித்துக்கொண்டாள்.

பெரியப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் ஓங்கி ஒரு அடி அடித்தேன். சித்தப்பா உடனே சைடு டிரம்மில் சேர்ந்துகொண்டார், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பெரிய டிரம் பக்கத்தில் அடிக்கும்போது எந்தக் கொம்பனாலும் பேச முடியாது. எங்கள் அப்பா தொழிலில் இப்படி ஒரு வசதி இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. தூக்கியவர்களும் பாவம், பாடையோடு எவ்வளவு நேரம்தான் நிற்பார்கள்? நடக்க ஆரம்பித்தார்கள். பெரியம்மா மகளைப் பார்த்து, "போடி, போயிட்டு வா. வெந்நி வெச்சி வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பினார். அக்காவிடம் தையல் கற்ற பெண்கள் இரண்டு பேர் மட்டும் எங்களோடு வந்தார்கள்.

செங்கம் ரோட்டில் காபிக் கடையில் உட்கார்ந்திருந்த வெளிநாட்டுக்காரர்கள் எழுந்து நின்றார்கள். அதில் ஒரு வெள்ளைக்காரம்மா, அக்கா தைத்த பேண்ட்டைப் போட்டிருந்தார், எனக்கு அந்த ஜரிகை தெரியும். யாரோ செல்போனில் என்னைப் படம் பிடிக்கிறார்கள் என்பதும் தெரிந்தது. மேனேஜர் முகம் ஞாபகம் வந்தது. பயமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். கையை மட்டும் நிறுத்தவில்லை.

சுடுகாட்டு கேட்டுக்குள் நுழைந்ததும் நான் பார்த்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பும் வருகிறது, வயிறும் எரிகிறது. அங்கே விறகு அடுக்கி வைத்துவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் நீளமான கழியோடு நின்றது ஒரு பெண். ஐம்பது வயது இருக்கும். புருஷன் படுத்த படுக்கையாகிவிட்டதால் பல வருடமாக அவர்தான் அந்த வேலையைப் பார்க்கிறாராம். பொம்பள வரக் கூடாத இடம் என்று தெருமுனையில் எங்களோடு சண்டை போட்டவர்கள், பொணத்தைக் கொண்டுபோய் ஒப்படைத்தது ஒரு பொம்பளையிடம்! அங்கே வந்திருந்த ஆண்களில் பாதிப் பேருக்கு அவரை முன்னமே தெரியும். ஆனால் யாரும் அவரைப் பெண் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா இன்னிக்கி அதிசயமா பொம்பளைங்க வந்துகீறீங்க?" என்றார். மகளின் தலையைத் தொட்டு, "வா தாயி. உங்கம்மாவா? பயப்படாத, நான் பத்திரமாப் பாத்துக்கறேன்" என்றார். அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத அந்தப் பெண் அப்போதுதான் அவர் தோளில் சாய்ந்து அழுதாள்.

கொள்ளிச் சட்டியோடு நின்ற பெங்களூர் மகன், தன் அப்பாவை ஒரு தரம் பார்த்தார். பிறகு நேராக வந்து சட்டியை அவளிடம் நீட்டினார். "நீயே வை பாப்பா. எனக்குச் சித்தி முகமே சரியா ஞாபகம் இல்ல" என்றார். பெரியப்பா தோளில் கிடந்த துண்டை உதறிக்கொண்டு தூரமாகப் போய் நின்றுவிட்டார். இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. அவர் பேச்சு எனக்கு வேண்டியும் இல்லை.

தீ வைப்பதற்கு முன்னால் மகள் என்னைப் பாடச் சொன்னாள். மைக் இல்லை, கீபோர்டு இல்லை. டிரம்மின் ஓரத்தில் குச்சியால் அந்த மிஷின் தாளத்தை மெதுவாகத் தட்டினேன். டகட டகட டக், ஒரு நிறுத்தம், மறுபடியும். "அக்கா, இது ஒங்க மிஷினு. நான் எல்லார்கிட்டயும் பொய் சொல்லிட்டேன், மன்னிச்சுக்கோங்க" என்று வாய்விட்டே சொன்னேன். பிறகு பாடினேன். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. கழியை ஊன்றிக்கொண்டு நின்ற அந்த அம்மா, "அட, நீதானா அந்தப் பாட்டுக்காரி!" என்றார்.

படம் பிடித்தவர்கள் சும்மா இருப்பார்களா? சாயந்திரத்துக்குள் வீடியோ ஊர் முழுக்கச் சுற்றிவிட்டது. குலத்தைக் கெடுத்தவள் என்று ஒரு கூட்டம், சபாஷ் என்று ஒரு கூட்டம். என் அப்பா யார், என்ன தொழில் செய்தார் என்று தோண்டி எடுத்துப் போட்டார்கள். அவமானப்படுத்துகிறார்களாம்! மேனேஜர் சொன்னபடியே கல்யாண வீடுகள் சில எங்களை வேண்டாம் என்றுவிட்டன. குழுவில் இருக்கிறவர்களிடம் போய், "என்னால உங்களுக்கும் நஷ்டம், நான் வேணும்னா வெலகிக்கறேன்" என்றேன். "ஒழுங்கா வந்து ரிகர்சலுக்கு ஒக்காரு" என்றார் கீபோர்டுக்காரர். இப்போது மேடையில் என்னை அறிமுகம் செய்யும்போது, சாவு பேண்ட் செட்டில் பெரிய டிரம் அடித்தவர் மகள் என்று சொல்லச் சொல்கிறேன். அதற்கு முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். மைக் என் கையில்தானே இருக்கிறது!

அக்கா போன பதினாறாம் நாள், சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு எங்கள் ஊருக்குப் போனேன். அப்பாவை எரித்த இடம் எது என்று எனக்குத் தெரியாது. பெற்ற மகளுக்குத் தெரியாது, கேட்கவும் தோன்றியதில்லை. பகல் பதினொரு மணி வெயில். மணிலா என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலைக் கொல்லைக்குப் பக்கத்தில் ஒரு மேட்டைச் சித்தப்பா காட்டினார். நான் அன்றைக்கு நின்ற தெருமுனைக்குத் திரும்பி வந்து, டிரம்மைத் தோளில் மாட்டிக்கொண்டு, அங்கிருந்து அடித்துக்கொண்டே அந்த மேடு வரை நடந்தேன். கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருத்தரும் தடுக்கவில்லை.

மெதுவாகத்தான் நடந்தேன், அப்படியும் நாலு நிமிடத்தில் போய்ச் சேர்ந்துவிட்டேன். ஒரு பாட்டு முடிகிற நேரம். நாலு நிமிடப் பாட்டு பாடிப் பிழைக்கிறவள், என் அப்பாவோடு நடக்க வேண்டிய அந்த நாலு நிமிடத்தை யாரோ சொன்னார்கள் என்று விட்டுவிட்டேன். இனி எவர் வந்து எந்தத் தெருமுனையில் கையை நீட்டினாலும் என் தோளிலிருந்து அந்தப் பட்டை இறங்காது.